நான்காம் தண்ணீர்

ஜூலை 3

சங்கவியின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஆகஸ்ட் இருபத்தொன்பது. மாப்பிள்ளை தினகரன் திண்டிவனத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அதிகம் பேசாத பையன். பேசாதவர்களை நான் நம்புவதில்லை. பேசுகிறவர்களை நம்பி என்ன கண்டேன் என்பதும் தெரிந்ததுதான்.

தாம்பூலம் மாற்றி முடித்து எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அக்கா அஞ்சலாட்சி ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிய அழைக்கணும் தம்பி. பொட்டப்புள்ள கல்யாணம். தாயி வந்து பூ குடுக்காம எப்பிடி?"

செஞ்சிப் பக்கத்தில் எங்கள் வழக்கம் இது. சுமங்கலியாகச் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குத் தெய்வமாகிறாள். பூவாடைக்காரி என்று பெயர். வருடா வருடம் ஆடியில் புடவையும் பூவும் வடையும் வைத்துப் படைப்பது ஒன்று. வீட்டில் கல்யாணம் வந்தால் செய்வது வேறு. பம்பைக்காரர்களைக் கூட்டிப்போய் நீர்க்கரையில் பாட்டுப் பாடி அவளை எழுப்ப வேண்டும். அவள் வீட்டுப் பெண் யார் மேலாவது இறங்கி, கலசத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கல்யாணப் பெண்ணுக்குத் தன் கையால் பூ கொடுப்பாள். யார் மேலும் வராவிட்டால் கலசத்துத் தண்ணீரைத் திரும்பக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வர வேண்டியதுதான்.

"நான் சரித்திரம் நடத்தறவன்க்கா. என் வீட்ல இதெல்லாம் வேணாம்" என்றேன்.

"நீ சரித்திரத்த இஸ்கூல்ல நடத்து."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். சங்கவி சிரிக்கவில்லை.

"எனக்கு வேணும்பா" என்றாள்.

ஜூலை 5

குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு ரத்தினத்துக்கு வருகிறது. மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான். என் சுவரோரத்து நிலத்தில் ஓர் அடியையும் இப்படித்தான் உறிஞ்சினான்.

ஜூலை 9

பம்பைக்காரர் கோதண்டம் வந்தார். அறுபது வயதிருக்கும். பழைய சைக்கிளில் வந்து, இறங்கியதும் முதலில் மோர் கேட்டார். பிறகு ஊறுகாய் கேட்டார். அக்கா இரண்டையும் கொண்டுவந்தாள். என்னைவிட அவருக்கு இந்த வீட்டில் மரியாதை அதிகம்.

"அம்மா பேரு?"

"வசுமதி" என்றாள் சங்கவி.

"எந்தத் தண்ணி?"

எனக்குப் புரியவில்லை. அக்காதான் பதில் சொன்னாள். "ஆத்துத் தண்ணிங்க. அந்தப் பெருமழ வருசம். தாய் வீட்டுக்குப் போறன்னு கெளம்பனவ, தென்பெண்ணையில போயிட்டா. ஒடம்புகூடக் கெடைக்கல. இது அஞ்சு வயசுக் கொழந்த."

கோதண்டம் தலையாட்டினார். "ஆத்துல போனவங்க லேசுல வந்துருவாங்கம்மா. ஓடிக்கினே இருக்கறவங்க. கெணத்துல இருக்கறவங்கதான் கஷ்டம், ஏறணும்ல?"

ஏதோ பேருந்து வழித்தடம் சொல்வதுபோல் சொன்னார். சங்கவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

போகும்போது என்னைப் பார்த்து, "சாருக்கு நம்பிக்க இல்ல போலக்கீது" என்றார்.

"இல்ல."

"பரவால்ல சார். எனக்கே பாதி நாளு இல்ல."

ஜூலை 10

இந்தக் குறிப்பேட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒன்றை எழுதிவைக்கிறேன். நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

அந்த மழை மாதத்தில் அவள் வீட்டில் இல்லை. அக்கா ஓடிவந்து, "ஆத்துலயாடா போயிட்டா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மீதி எல்லாம் அக்காவும் ஊரும் கட்டியது. பதினாறாம் நாள் காரியத்தை அக்காதான் நடத்தினாள். போட்டோவுக்குக் குங்குமம் வைத்ததும் அவள்தான். குழந்தையிடம் நான் சொன்னது, "அம்மா இனிமே வரமாட்டா" என்ற ஒரு வாக்கியம். அதில் எந்தச் சொல் பொய்?

அவள் வீட்டார் எங்கள் கல்யாணத்தன்றே அவளைத் தலைமுழுகியவர்கள். சமாதானம் பேசத் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள் என்பதும் ஊர் கட்டியதுதான்; அவர்களிடமிருந்து கேட்டு யாரும் வரவில்லை.

விட்டுப் போனவள் எனக்குச் செத்தவள். அப்போது எங்கள் தெருவில் இருந்த கம்பவுண்டர் ஒருவன் அதே மாதம் ஊரைக் காலி செய்தான். எனக்குக் கணக்குப் போடத் தெரியும். ஓடிப்போனவளின் மகள் என்ற பெயரோடு இந்த ஊரில் ஒரு பெண் வளர முடியாது. ஆற்றோடு போனவளின் மகள் வளரலாம். எல்லோரும் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள்.

ஜூலை 14

காலையில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு. ஒசூர் பக்கத்து எண். வருடத்தில் ஒருமுறை, சங்கவியின் பிறந்தநாள் அன்று மட்டும் வரும். மணி அடித்து நின்றுவிடும். ஆரம்பத்தில் ஒருமுறை தெரியாமல் எடுத்தேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "பாப்பா சாப்டுச்சா?" என்றது. வைத்துவிட்டேன். அப்புறம் எடுத்ததில்லை.

இன்று பிறந்தநாள் இல்லை. கல்யாணச் செய்தி யார் மூலமாகவோ போயிருக்கும். அந்தப் பக்கம் மாற்றலாகிப் போன ஆசிரியர்கள் இரண்டு பேர் உண்டு. ஆசிரியர்களைப்போல் கோள் சொல்கிறவர்கள் உலகத்தில் இல்லை.

எடுக்கவில்லை.

ஜூலை 22, வெள்ளி

ஆற்றுக்குப் போகத் தேவையில்லை, எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான் என்று கோதண்டம் சொல்லிவிட்டார். ஏரிக்கரைக்குப் போனோம். நான், சங்கவி, அக்கா, அக்காவின் மருமகள், பம்பைக்காரர்கள் மூன்று பேர். வெயில் இறங்கிய நேரம். ஏரியில் பாதிதான் தண்ணீர். மீதி வேலிகாத்தான்.

கரையில் மஞ்சள் புடவையை நனைத்து விரித்தார்கள். அதன்மேல் மல்லிகையைக் கொட்டி மூடினார்கள். நடுவில் கலசம். மூன்று கற்பூரம். பிறகு பாட ஆரம்பித்தார்.

கோதண்டத்தின் குரல் நல்ல குரல் இல்லை. உடைந்த குரல். இரண்டு சுரங்களுக்கு மேல் அது போவதும் இல்லை. பம்பை வேகமாக ஓடுகிறது, பாட்டு அதற்குச் சம்பந்தமில்லாமல் மெதுவாக, இழுத்து, யாரையோ கடிந்துகொள்வதுபோல் போகிறது. உடுக்கை வைத்திருந்தவர் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொல்கிறார், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருந்து சொல்வதுபோல.

எந்தத் தண்ணியில இருக்க தாயே
எந்தத் தண்ணியில இருக்க
ஏரித் தண்ணியில இருந்தா
கரை ஏறி வா
கெணத்துத் தண்ணியில இருந்தா
படி புடிச்சி வா
ஆத்துத் தண்ணியில இருந்தா
மணல் மிதிச்சி வா
கண்ணுத் தண்ணியில இருந்தா
எப்படி வருவ
எப்படி வருவ தாயே

இதுதான் திரும்பத் திரும்ப. இடையில் வீட்டு வாசலைச் சொல்லும் அடி ஒன்று வரும்: தலவாச தொறந்திருக்கு, தாப்பா எடுத்திருக்கு. பிறகு மறுபடி எந்தத் தண்ணியில. இருட்டும்வரை பாடினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆடிப்பார்த்தாள். இரண்டு முறை ஏப்பம் வந்தது, அவ்வளவுதான். சங்கவி கலசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூக்கள் வாடி ஓரம் கறுத்தன. ஏரியில் ஒரு நாரை கூட எழவில்லை.

கலசத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பினோம்.

ஜூலை 23

குற்றம் என்மேல்தான். அழைக்கப் போகும்போது வீட்டு வாசலைத் திறந்துபோட்டுவிட்டுப் போக வேண்டுமாம். நான் வழக்கம்போல் பூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

"பாட்டுல ‘தாப்பா எடுத்திருக்கு’ன்னு அந்த ஆளு தொண்ட கிழியக் கத்தறாரு. இங்க இவன் இந்தத் தண்டிப் பூட்ட மாட்டிக்கினு வந்துக்கிறான். பொய் சொல்லிக் கூப்பிட்டா சாமி வருமா?" என்று அக்கா தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னாள்.

"ரத்தினம் இருக்கற தெருவுல கதவத் தொறந்துபோட்டுப் போவச் சொல்றியா?"

"அவன் வந்தா எத எடுத்துக்கினு போவான்? உன் மூஞ்சியவா?"

ஆடி அமாவாசைக்கு மறுபடி அழைப்பதாக முடிவு.

ஜூலை 26

முகம் மழிக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைச் சங்கவி பார்த்துவிட்டாள்.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சோழர் நிர்வாகம் நடத்திக்கொண்டிருக்கும்போதும் அதுதான் உள்ளே ஓடியது. ஏரிக்கு வா என்கிறது. கிணற்றுக்கு வா என்கிறது. ஆற்றுக்கும் வா. நான்காவது தண்ணீருக்கு மட்டும் வா இல்லை, கேள்விதான் இருக்கிறது. மூன்று தண்ணீரிலும் இருப்பவள் செத்தவள். அவளைக் கூப்பிட வழி உண்டு. கண்ணீரில் இருப்பவள் யார்? யாரோ இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்கள், அல்லது அவளே எங்கோ இருந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிடும் பாட்டு இவர்களிடம் இல்லை.

படிக்காதவர்கள் கட்டிய பாட்டில் நான்தான் இதையெல்லாம் ஏற்றிப் பார்க்கிறேன். என் தொழில் அப்படி.

இரவு சாப்பிடும்போது சங்கவி சொன்னாள். "எனக்குச் சின்ன வயசுலேருந்து ஒரு கனவு வரும்பா. மழை பெய்யும். யாரோ கதவத் தட்டுவாங்க. நீங்க நாற்காலில உக்காந்திருப்பீங்க. எழுந்திருக்க மாட்டீங்க."

"கனவுல எல்லாம்தான் வரும். ரசம் ஊத்து."

ஜூலை 28, ஆடி அமாவாசை

கதவைத் திறந்துபோட்டுவிட்டே போனோம். வரவில்லை.

கோதண்டத்துக்கு இன்று குரல் கட்டிவிட்டது. முதலில் உடுக்கைக்காரரைத் திட்டினார், பிறகு மல்லிகை பழசு என்றார், பிறகு அக்காவின் மருமகளைப் பார்த்து, "வூட்டுக்கு வெலக்கா யாராச்சும் வந்துக்கிறீங்களா?" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே போய்விட்டது. கடைசியில் என் பக்கத்தில் வந்து சுருட்டுப் பற்றவைத்தார்.

"ஆத்துல போனது நிச்சயந்தானா சார்?"

"ஏன்?"

"இல்ல, தண்ணி தப்பாச் சொல்லிக் கூப்புடறமோன்னு."

"ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லும் சார்" என்றார்.

ஜூலை 30

மாப்பிள்ளையின் அம்மா சம்பூர்ணம் வந்தாள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். நல்ல செய்திக்கு வருகிறவர்கள் ஆப்பிள் வாங்குவதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. ரெண்டு தடவ கூப்பிட்டும் வர்லேன்னா என்னமோ மனக்கொறயோட இருக்காங்கன்னு எங்க பக்கம் பேசறாங்க. பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா தாய் வாக்குக் குடுக்காம தாலி கட்டி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த காலத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"விஞ்ஞானந்தான் சம்மந்தி, மருந்துக்கடையே வச்சிருக்கம். ஆடி முடியறதுக்குள்ள இன்னொரு தடவ பாருங்க. வந்தா ஆவணியில வச்சுக்கலாம். வர்லேன்னா..." அந்த வாக்கியத்தை ஆப்பிள் பையின் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 2

சங்கவி இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அது இல்லை.

"தினகரன் எப்படியும் கட்டிக்குவாருப்பா. அவங்கம்மாவ அவரு சமாளிச்சுக்குவாரு. அது இல்ல எனக்கு. எல்லார் வீட்டுக்கும் வர்றாங்க. பக்கத்துத் தெரு கலைவாணிக்கு, அவங்க பெரியம்மாகூட வந்தாங்க. எங்கம்மாவுக்கு என்னப் பார்க்கணும்னு இல்லியா? நான் ஏதாவது பண்ணினேனா?"

"நீ என்னம்மா பண்ணே? அஞ்சு வயசு."

"அன்னிக்குத் தாய் வீட்டுக்குப் போறப்போ என்ன ஏம்ப்பா கூட்டிட்டுப் போகல?"

நல்ல கேள்வி. இதற்கு அப்போதே ஒரு பதில் தயார் செய்திருக்க வேண்டும். உனக்குக் காய்ச்சல் என்றேன்.

"ஒரே ஒரு தடவ வந்து பூ குடுத்துட்டுப் போனாப் போதும். அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அப்போது மேசைமேல் என் போன் அடித்தது. அவள்தான் கை நீட்டினாள். "ஏதோ நம்பர்ப்பா. முந்தாநாள்கூட வந்துது. எடுக்கட்டுமா?"

"லோன் கம்பெனிக்காரன். வை."

வைத்துவிட்டாள். அடித்து ஓயும்வரை அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 5

தலைமையாசிரியர் பாலகுரு என்னை அழைத்து, "கல்யாண வேலை இருந்தா லீவு எடுத்துக்குங்க, நீங்க இல்லாமலே ஓடும்" என்றான். என்னைவிட ஆறு வருடம் இளையவன். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டியது என்று பள்ளியின் வேப்பமரத்துக்கும் தெரியும். லீவு எடுத்துக்கொண்டேன்.

நேராகக் கோதண்டம் வீட்டுக்குப் போனேன். கூரை வீடு, வாசலில் பம்பையின் தோலை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். மூன்றாவது முறை எப்படியாவது வர வேண்டும். யார் மேலாவது.

நான் எதிர்பார்த்ததுபோல் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிம்மதியானதுபோல் இருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். அக்காவ முன்னாடி நிக்க வைங்க. காலையிலேருந்து சோறு தண்ணி குடுக்காதீங்க. பம்பைய காதுகிட்ட வச்சி அரைமணி அடிச்சா ஜில்லா கலெக்டருக்கே கண்ணு சொருகும். ரெண்டு கேள்வி நானே கேட்டு நானே பதிலும் எடுத்துக் குடுத்துருவன். பாப்பாவுக்குப் பூ வந்துரும், அவ்வளவுதான் வேணும்?"

"அவ்வளவுதான் வேணும்."

கிளம்பும்போது கேட்டேன், கண்ணுத் தண்ணிக்கு மட்டும் ஏன் வா இல்லை என்று.

"அதுக்குமேல எங்கப்பா பாடமாட்டாரு சார். நானும் கேட்டதில்ல. அந்த எடத்துல மூச்சு முட்டும், நிறுத்திட்டு மறுபடி மொதல்லேருந்து எடுப்பாரு."

ஆகஸ்ட் 8

இன்று அந்த எண் மூன்று முறை. போனின் மணியை அடக்கி அலமாரிக்குள் வைத்தேன். துணிகளுக்கு நடுவே அது அதிர்ந்துகொண்டிருந்தது.

எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வரட்டுமா என்பாள். செத்தவள் மண்டபத்துக்குள் எப்படி நுழைவது? என்னை ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும். அக்கா இத்தனை வருடம் படைத்த வடைக்கு யார் பதில் சொல்வது? சங்கவி என் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? ஒரு நாள் அம்மா கிடைப்பாள், அதே நாளில் அப்பா போய்விடுவான். அந்தப் பெண்ணை வளர்த்தவன் நான். சடைபின்னக் கற்றுக்கொண்டவன் நான். வருடத்துக்கு ஒரு மணி அடித்தவள் அல்ல.

என்னைப் பேசவே விடவில்லை என்று அவள் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லட்டும். போனவள் போனவளாகவே இருந்திருந்தால் பிழையில்லை. ஒரு வாரம் கழித்து, நல்ல மழையில், மத்தியானத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அக்கா ஊரெல்லாம் அழுது முடித்திருந்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லார் கதவும் மழைக்குச் சாத்தியிருந்தது. "தாப்பா எடுத்துடுங்க" என்றாள். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான். கொஞ்சம் கழித்து, "தாப்பா எடுத்துட்டீங்களா?" என்றாள். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவளோடு கம்பவுண்டர் யாரும் இல்லை. அதனால் என்ன? தெருமுனையில் நின்றிருப்பான்.

ஆகஸ்ட் 9

பத்திரிகை வந்துவிட்டது. ‘அமரர் வசுமதி’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை.

ஆகஸ்ட் 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நடந்தது நடந்தபடி.

அக்காவுக்குக் காலையிலிருந்து காப்பிகூடக் கொடுக்கவில்லை. விரதம் என்று சொல்லிவைத்தேன். "எனக்குச் சர்க்கரடா, மயக்கம் போட்டுச் செத்தா அடுத்த ஆடிக்கு என்னியும் சேத்து அழைப்பியா?" என்று திட்டிக்கொண்டே வந்தாள். கோதண்டம் அவளைக் கலசத்துக்கு நேர் எதிரில் நிற்கவைத்தார். என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். சங்கவியை நான்தான் பின்னால், புளியமரத்துப் பக்கம் நிற்கச் சொன்னேன்.

வெயில் இறங்கும்போது ஆரம்பித்தது. பம்பை அக்காவின் காதோரம். அவள் தலை ஆட ஆரம்பித்தது. சரி, ஆயிற்று என்று நினைத்தேன். ஏரித் தண்ணியில இருந்தா கரை ஏறி வா. கெணத்துத் தண்ணியில இருந்தா படி புடிச்சி வா. அக்கா ஒரு காலைத் தூக்கிவைத்தாள். ஆத்துத் தண்ணியில இருந்தா மணல் மிதிச்சி வா. கோதண்டம் நான்காவது அடிக்கு மூச்சு எடுத்தார்.

அதைப் பாடவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. வெகுதூரம் நடந்து வந்தவர்கள் உட்காரும்போது விடும் மூச்சு.

சங்கவி நடந்து வந்தாள். ஆடவில்லை, முடியை விரிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. அக்காவை ஒரு கையால் மெதுவாக ஒதுக்கிவிட்டுக் குனிந்து மஞ்சள் புடவையை எடுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். கலசத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். எல்லோரும் தலையில்தான் வைப்பார்கள். குடத்தை இடுப்பில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, இடது தோளை இறக்கி நடக்கிற நடை ஒன்று உண்டு. அதை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. சங்கவி குடம் தூக்கியதே இல்லை. வீட்டில் குழாய் இருக்கிறது.

பம்பை நின்றுவிட்டது. கோதண்டத்தின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு உடுக்கைக்காரர்தான் நினைவு வந்து அடிக்க ஆரம்பித்தார்.

வழியெல்லாம் பெண்கள் வந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா தேம்பிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். வாசல் திறந்திருந்தது. கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் படியேறவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தாள்.

"தாப்பா எடுத்துட்டீங்களா?"

நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

அக்காதான், "எடுத்தாச்சி தாயே, எடுத்தாச்சி, உள்ள வாம்மா" என்று கத்தினாள்.

உள்ளே வந்தாள். கலசத்தை இறக்கினாள். புடவையில் ஒட்டியிருந்த மல்லிகையை எடுத்துக் கூடத்தில் சுற்றிப் பார்த்தாள். பெண்ணைத் தேடுகிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. பெண் அவளேதான், யாரிடம் கொடுப்பது? கோதண்டம் ஓடிவந்து அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவளைத் திருப்பினார். கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். அதைத் தொட்டாள். பிறகு பூவைத் தானே தன் தலையில் வைத்தாள், வேறொருவர் தலையில் வைப்பதுபோல, தடவி, சரிசெய்து.

"பாப்பா சாப்டுச்சா?" என்றாள். அப்படியே சரிந்தாள்.

போகும்போது கோதண்டம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பண்ணல சார். எத்தினியோ சாமி பாத்துக்கிறன். ஒண்ணுகூட ‘ங்க’ போட்டுப் பேசனதில்ல." கேட்ட தொகையை வாங்காமல் போனார்.

ஆகஸ்ட் 13

சம்பூர்ணம் போன் செய்து அழுதாள். சந்தோஷமாம். மண்டபத்துக்கு மீதியைக் கட்டச் சொல்லிவிட்டாள்.

சங்கவி வெகுநேரம் தூங்கி எழுந்தாள். நான்கு இட்லி சாப்பிட்டாள், பிறகு இன்னும் இரண்டு. முகம் தெளிந்திருந்தது. அவளை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லப்பா. பாட்டுல மூணாவது அடி வந்துது, கால் ஈரமாச்சு, அவ்வளவுதான். நான் என்னப்பா சொன்னேன்?"

"ஆசீர்வாதம் பண்ணே."

"தாப்பா எடுத்துட்டியான்னு கேட்டேன்னு அத்த சொல்றாங்க."

"பாட்டுல வர்ற அடிதானம்மா அது. காதுல விழுந்ததச் சொல்லியிருப்பே."

அதுதான் சரியான விளக்கம். பாட்டில் இருக்கிறது. மூன்று முறை கேட்டிருக்கிறாள். குழந்தைப் பருவத்து நினைவு ஏதாவது உள்ளே கிடந்திருக்கும். சாப்பிட்டாச்சா என்று தமிழ்நாட்டில் எந்தத் தாயும் கேட்பாள். நடையும் ரத்தத்தில் வருவது. இதற்கெல்லாம் உளவியல் நூல்களில் பெயர் இருக்கிறது.

நேற்றிலிருந்து அந்த எண் அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 14

மத்தியானம் அழைத்தது. எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

சின்னப் பெண் குரல். "சார், பரசுராமன் சாருங்களா? நான் ஒசூர்லேருந்து பேசறேன். வசுமதி அக்காகூட ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருக்கேன். இது அவங்க போன்தான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒரு மாசமா ஆஸ்பத்திரில இருந்தாங்க சார். கிட்னி. உங்களுக்கு அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் தவறிட்டாங்க. கடைசில யாரோ பாடற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல. அவங்களுக்கு யாருமே இல்ல சார். இவ்ளோ வருஷமா ஹாஸ்டல்லயேதான். போன்ல இந்த ஒரு நம்பர்தான் ‘வீடு’ன்னு இருக்கு. ஆஸ்பத்திரில ரெண்டு நாளா வச்சிருக்காங்க. யாராவது வந்து எடுத்தாத்தான்... நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

கூடத்தில் சங்கவி அக்காவோடு உட்கார்ந்து புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா?" என்றாள்.

"ராங் நம்பர்" என்றேன். போனுக்குள்ளும் அது கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். பாலகுரு இருபது நிமிடம் பேசினான். மிட்டாய் கொடுத்தார்கள். அவனிடம் சண்டை போடத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 17

ஒசூருக்கு இங்கிருந்து பேருந்து இருக்கிறது. திருவண்ணாமலை போய் மாற வேண்டும். சும்மா விசாரித்தேன்.

ஆகஸ்ட் 20

அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள்.

ஆகஸ்ட் 29

கல்யாணம் நன்றாக நடந்தது. சாம்பாரில் உப்பு அதிகம். மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் வசுமதியின் போட்டோவை வைத்து மாலை போட்டிருந்தார்கள். தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அதற்குத்தான் விழுந்து கும்பிட்டார்கள், பிறகு எனக்கு. "தாயில்லாத கொறையே தெரியாம வளத்துட்டாரு" என்று பலர் என் காதுபடச் சொன்னார்கள். ரத்தினம் வந்து கையைக் குலுக்கினான்.

மாலையில் அனுப்பி வைத்தோம். வண்டியில் ஏறும்போது சங்கவி அழவில்லை. "அம்மா வீட்லதானப்பா இருக்காங்க, நீங்க தனியா இல்ல" என்றாள்.

அக்காவும் போய்விட்டாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள், அவள் இனி இந்த வீட்டுத் தெய்வம், விளக்கு வைத்த நேரத்தில் வாசல் கதவைத் தாழிடக் கூடாது, வந்துபோய்க்கொண்டிருப்பாள் என்று.

விளக்கு வைத்தாயிற்று. மழை தூறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு விரியத் திறந்திருக்கிறது. சாரல் கூடம்வரை வருகிறது. யாரும் தட்டவில்லை.